சிறு ஆயுதங்களும் இன்றைய போர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகின் எந்த மூலையில் உள்நாட்டுப் போர் மூண்டாலும் நம் நாளிதழ்களில் துப்பாக்கிக்கு ஒரே பெயர்தான்: ஏ.கே.47. அந்தப் பெயரை எழுதிவிட்டால் ஆயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று எழுதுபவரும் படிப்பவரும் எண்ணிக்கொள்வதிலிருந்தே சிறு ஆயுதங்களைக் குறித்த பல பிழைகள் தொடங்குகின்றன. மிகைல் கலாஷ்னிக்கவ் வடிவமைத்து, 1949இல் சோவியத் படையில் சேர்க்கப்பட்ட அந்த மூலத் துப்பாக்கியை இன்றைய போர்க்களங்களில் காண்பது அரிது. அங்கே புழங்குபவை பெரும்பாலும் 1959இல் வந்த ஏ.கே.எம்., அதற்குப் பின்வந்த ஏ.கே.74, சீனாவின் டைப் 56, ருமேனியா, பல்கேரியா முதலிய நாடுகளின் ஆலைகளில் பிறந்த அதன் உடன்பிறப்புகள். ஈழத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசுப் படையினரும் புலிகளும் ஒரே காலத்தில் ஏந்திய, போர் முடிந்த பிறகு பாதாள உலகக் குழுக்களின் கொலைச் செய்திகளில் அடிபடுகிற ‘ரி-56’ அந்தச் சீனத் துப்பாக்கியேதான்.

வகையைச் சரியாகச் சொல்வது ஆயுதப் பித்தர்களின் பொழுதுபோக்கு அன்று. எந்த ஆலையில் செய்யப்பட்டது, எந்த ஆண்டில், எந்த வரிசை எண்ணுடன் என்ற மூன்று விவரங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு துப்பாக்கி போர்க்களத்துக்கு வந்த வழியைப் பின்னோக்கித் தேட முடியும். ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். அமைப்பிடமிருந்து கைப்பற்றப்பட்ட 40,000க்கும் மேற்பட்ட ஆயுதங்களையும் தோட்டாக்களையும் பிற பொருட்களையும் அவ்வாறு பதிவு செய்த கான்ஃபிளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற நிறுவனம், அவற்றுள் ஒரு பகுதி கிழக்கு ஐரோப்பிய நாடுகளிடம் அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் வாங்கியவை என்று 2017இல் வெளியிட்ட அறிக்கையில் காட்டியது. சிரிய எதிர்ப்புக் குழுக்களுக்கு என்று அனுப்பப்பட்டவை கை மாறிப் போயிருந்தன. எல்லாவற்றையும் ‘ஏ.கே.47’ என்று எழுதியிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்க வழியே இல்லை.

‘சிறு’ என்ற அடைமொழியும் நம்மை ஏமாற்றுகிறது. சேதத்தின் அளவை அது குறிக்கவில்லை. தூக்கிச் செல்ல எத்தனை ஆள் வேண்டும் என்பதையே குறிக்கிறது. 1997இல் ஐ.நா. அமைத்த வல்லுநர் குழு, ஒருவர் தனியே ஏந்திப் பயன்படுத்தக்கூடிய கைத்துப்பாக்கி, ரைஃபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றைச் சிறு ஆயுதங்கள் என்றும், சிலர் சேர்ந்து இயக்கக்கூடிய கனரக இயந்திரத் துப்பாக்கி, தோளில் வைத்து ஏவும் ஏவுகணை, 100 மி.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள மோர்ட்டார் ஆகியவற்றை இலகு ரக ஆயுதங்கள் என்றும் பிரித்தது. பயணிகள் விமானத்தை வீழ்த்தக்கூடிய ஏவுகணையும் சட்டைக்குள் மறைக்கக்கூடிய கைத்துப்பாக்கியும் பெரும்பாலான ஐ.நா. ஆவணங்களில் ஒரே தலைப்பின்கீழ் வருவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது எண்கள். ‘சிறு ஆயுதங்களால் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் சாகிறார்கள், அவர்களில் 3 லட்சம் பேர் போர்களில்’ என்ற வாசகம் 1990களின் இறுதியிலிருந்து அறிக்கைகளிலும் மேடைகளிலும் சுற்றிவந்தது. ‘நிமிடத்துக்கு ஓர் உயிர்’ என்ற முழக்கம் அதிலிருந்து பிறந்ததே. ஆயுத வன்முறையின் உலகச் சுமையை மதிப்பிட்டு ஜெனீவாவிலிருந்து 2008இல் வெளிவந்த அறிக்கை அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. போர்களில் நேரடியாகக் கொல்லப்படுவோர் ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் என்றும், போருக்கு வெளியே கொலையுண்போர் சுமார் 4,90,000 பேர் என்றும் அது மதிப்பிட்டது. இவ்விரண்டு எண்களிலும் துப்பாக்கியால் அல்லாத சாவுகளும் அடக்கம். ஆக, பழைய வாசகத்தை இன்றும் எடுத்தாள்பவர்கள் எண்ணை மட்டும் பிழையாகச் சொல்வதில்லை, சாவு எங்கே நடக்கிறது என்பதையும் பிழையாகச் சொல்கிறார்கள். ஜெனீவாவிலுள்ள சிறு ஆயுத ஆய்வகம் 2018இல் வெளியிட்ட, உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் உள்ளன என்ற மதிப்பீட்டையும் இப்படியே போருடன் முடிச்சுப் போடுகிறார்கள். அவற்றுள் ஏறத்தாழ 85 விழுக்காடு பொதுமக்களிடம் உள்ளவை. அதிலும் 39 கோடிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்களின் வீடுகளில் இருப்பவை. துப்பாக்கியின் தொகை கூடிய இடத்தில் போர் வரும் என்றால் முதலில் டெக்சாஸில் அல்லவா வந்திருக்க வேண்டும்?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உக்ரைன் போரில் உயிர்ச்சேதத்தின் பெரும்பகுதி பீரங்கிகளாலும் ட்ரோன்களாலும் நேர்வதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியின் காலம் முடிந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். கொன்ற கருவி எது என்று மட்டும் எண்ணினால் துப்பாக்கி ஆற்றிய பங்கு கண்ணில் படாது. ருவாண்டாவில் 1994இல் சுமார் 100 நாட்களில் 8 லட்சம் அளவில் மக்கள் கொல்லப்பட்டதை உலகம் வெட்டரிவாளுடன் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தேவாலயங்களிலும் விளையாட்டரங்குகளிலும் ஆயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்து, கல்லெறிந்து எதிர்த்து நின்ற மக்கள்மீது முதலில் பாய்ந்தவை பல இடங்களில் கையெறிகுண்டுகளும் துப்பாக்கிகளுமே. எதிர்ப்பு முறிந்த பிறகுதான் அரிவாளுடன் நின்றவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

துப்பாக்கிதான் போரை உண்டாக்குகிறது என்பாரும், துப்பாக்கி வெறும் கருவி, அதைப் பேசிப் பயனில்லை என்பாரும் நெடுங்காலமாக வழக்காடுகிறார்கள். இருவரும் உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜாவைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. மாடு மேய்த்து வாழும் அங்குள்ள குழுக்களிடையே ஆநிரை கவர்தல் தொன்றுதொட்டு இருந்த வழக்கம். நம் வெட்சியையும் கரந்தையையும் படித்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. எப்போது போவது, எப்போது நிறுத்துவது, எதற்கு ஈடு கொடுப்பது என்பவற்றில் பெரியவர்களின் சொல் செல்லுபடியாகியது. 1979இல் இடி அமீன் வீழ்ந்தபோது கைவிடப்பட்ட மொரோட்டோ படைமுகாமின் ஆயுதக் கிடங்கு சூறையாடப்பட்டதும் நிலைமை மாறியது. பகை முன்பே இருந்தது. அதைத் துப்பாக்கி உண்டாக்கவில்லை. ஆனால் ஈட்டியால் சிலர் மடிந்த இடத்தில் பலர் மடிந்தனர், பெரியவர்களின் பேச்சைவிட ஆயுதம் வைத்திருந்த இளைஞனின் பேச்சு எடுபட்டது, கவர்ந்த மாடுகளை வாங்கி விற்கும் வணிகர்களும் உள்ளே வந்தார்கள். ஊரின் அதிகாரம் யார் கையில் என்பதைச் சூறையாடப்பட்ட ஒரு கிடங்கு மாற்றி எழுதியது. சிறு ஆயுதங்களின் தாக்கம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதையே முதலில் சொல்வேன். சாவுக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

சூறையாடப்பட்ட கிடங்கு என்பது, அரசுப் பணத்தில் முறையாக வாங்கி அடுக்கி வைத்த ஆயுதங்களின் கிடங்கு. கள்ள ஆயுதம் என்றதும் காட்டுக்குள் இயங்கும் இரகசியப் பட்டறையைக் கற்பனை செய்வது திரைப்படப் பழக்கம். பட்டறைத் துப்பாக்கிகளும் உண்டு; பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேலும் பீகாரின் முங்கேரும் அதற்குப் பேர்போனவை. என்றாலும் போர்களில் புழங்கும் பெருந்தொகை ஏதோ ஒரு நாட்டின் ஆலையில் சட்டப்படி செய்யப்பட்டு, சட்டப்படி விற்கப்பட்டு, வழியில் எங்கோ தடம் புரண்டதாகும். அல்பேனியாவில் 1997இல் மோசடி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து அரசே நிலைகுலைந்தபோது 5 லட்சத்துக்கும் அதிகமான ஆயுதங்கள் கிடங்குகளிலிருந்து வெளியேறின. ஒரு பகுதி எல்லை தாண்டிக் கொசோவோ போருக்குப் போய்ச் சேர்ந்தது. ஈராக்கியப் பாதுகாப்புப் படைகளுக்கு அமெரிக்கா கொடுத்த ஆயுதங்களில் சுமார் 1,90,000 ரைஃபிள்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும் கணக்கு இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2007இல் ஒப்புக்கொண்டது.

சூறையாட்டம்கூட இல்லாமல் ஒரு தாளால் இதைச் செய்துவிடலாம். 1999 மார்ச்சில் உக்ரைனிலிருந்து 68 டன் ஆயுதங்கள் பர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் வந்திறங்கின. பர்கினா ஃபாசோவின் படைக்கே அவை வேண்டும் என்று, வாங்கும் நாடு கையெழுத்திட்டுத் தரும் இறுதிப் பயனர் சான்றிதழ் சொன்னது. சில நாட்களிலேயே அவை ஐ.நா. தடை இருந்த லைபீரியாவுக்கு விமானத்தில் கடத்தப்பட்டன. அங்கிருந்து ஆயுதங்கள் சியரா லியோன் கிளர்ச்சியாளர்களைச் சென்றடைந்துகொண்டிருந்ததை ஐ.நா. குழு 2000இல் அம்பலப்படுத்தியது. நம் நாட்டிலும் 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் அன்டோனவ் விமானம் ஏ.கே. துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் வானிலிருந்து கொட்டியது. பல்கேரியாவில் வாங்கிய அந்தச் சரக்குக்கு வங்கதேசத்தின் பெயரில் சான்றிதழ் காட்டப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய ஆயுத வணிக உடன்படிக்கை, இவ்வாறு சரக்கு திசைமாறுவதைத் தடுக்கும் கடமையை ஏற்றுமதி செய்யும் நாட்டின்மீதும் சுமத்துகிறது. இந்தியா அன்று வாக்களிக்காமல் விலகி நின்றது. உடன்படிக்கை வந்தால் கடத்தல் ஓயும் என்று நம்புவதும், அது வெற்றுக் காகிதம் என்று ஒதுக்குவதும் ஒன்றுபோலவே தவறு. கையெழுத்திட்டவன் பொய் சொன்னால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு முன்பு விடையே இல்லை. இப்போது பாதி விடையாவது இருக்கிறது.

எல்லோரும் மறந்துவிடும் பொருள் ஒன்று உண்டு: தோட்டா, ஈழத்தில் சொல்வதுபோல் ரவை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் துப்பாக்கி 40, 50 ஆண்டுகள் உழைக்கும். தோட்டாவோ சுட்டதும் தீர்ந்துபோகும், மீண்டும் வாங்கியாக வேண்டும். ஒரு போரின் வேகம் எவ்வளவு, அது எத்தனை நாள் நீடிக்கும் என்பதைத் துப்பாக்கியின் தொகையைவிடத் தோட்டாவின் வரத்தே தீர்மானிக்கிறது. இருந்தும் சிறு ஆயுதக் கடத்தலைத் தடுக்க 2001இல் வந்த ஐ.நா. செயல்திட்டம் அதைப் பெரும்பாலும் தொடாமல் விட்டது. 2005இல் வந்த, ஆயுதங்களின் தடம் காணும் ஏற்பாடு துப்பாக்கியோடு நின்றது. ஆயுத வணிக உடன்படிக்கையும் தோட்டா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொல்கிறதே தவிர, அதற்குப் பதிவேடு வைக்கக் கட்டாயப்படுத்தவில்லை. வரிசை எண் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உண்டு. தோட்டாவின் அடியிலுள்ள முத்திரையோ லட்சக்கணக்கான தோட்டாக்களுக்குப் பொதுவானது என்பது இதில் உள்ள உண்மையான இடர்ப்பாடு. பழைய தோட்டா கெட்டுவிடும், தொல்லை தானே ஓயும் என்று காத்திருப்பதும் வீண். அல்பேனியக் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த பழைய சீனத் தோட்டாக்களை ஓர் அமெரிக்க ஒப்பந்த நிறுவனம் புதுப் பெட்டிகளில் அடைத்து ஆப்கன் படைகளுக்கு அனுப்பியது 2008இல் வெளிவந்தது. கெட்டுப்போகும் வெடிபொருள் வேறு வழியில் பழிவாங்கும். 2002 ஜனவரியில் லாகோஸ் நகரின் இகேஜா படைமுகாமில் கிடங்கு வெடித்தபோது, தப்பி ஓடிக் கால்வாயில் விழுந்து இறந்தவர்களையும் சேர்த்து 1,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். போரே இல்லாத ஊர் அது. தோட்டாக்களை முழுமையாக மேலாண்மை செய்வதற்கென்று ஓர் உலகளாவிய ஏற்பாட்டை ஐ.நா. பொதுச்சபை 2023இல்தான் ஏற்றது.

போர் நின்ற பிறகு செய்யும் தவறு, கையளித்த ஆயுதங்களை எண்ணிவிட்டு அமைதி வந்துவிட்டதாக அறிவிப்பது. இந்திய-இலங்கை உடன்பாட்டை அடுத்து 1987 ஆகஸ்ட் 5 அன்று பலாலியில் நடந்த புலிகளின் ஆயுதக் கையளிப்பும், அதே ஆண்டு அக்டோபரில் அவர்களுக்கும் இந்தியப் படைக்கும் தொடங்கிய சண்டையும் நமக்குத் தெரியும். லைபீரியாவில் 2003 டிசம்பரில் ஐ.நா. தொடங்கிய ஆயுதக் களைவில், எதிர்பார்த்ததைவிடப் பெருங்கூட்டம் திரண்டதால் கலவரம் மூண்டு பணி நின்றுபோய், அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கியது. முடிவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னாள் போராளிகளாகப் பதிவாகினர். சேர்ந்த ஆயுதங்களோ சுமார் 28,000. துப்பாக்கி இல்லாவிட்டாலும் 150 தோட்டாக்களைக் கொண்டுவந்தாலே போதும் என்பதும், உதவித்தொகை 300 டாலர் என்பதும் இந்த இடைவெளியை ஓரளவு விளக்கும். கரமோஜாவிலோ ஆயுதத்தை உண்மையாகவே கொடுத்தவர்கள்தான் நொந்தார்கள். 2001 டிசம்பரில் ஏர்க்கலப்பையும் தகரக் கூரையும் பெற்றுக்கொண்டு துப்பாக்கியை ஒப்படைத்த போகோரா என்ற குழுவின் மக்களுக்குக் காவலாக இருந்த படை, அடுத்த சில மாதங்களில் வேறொரு கிளர்ச்சியை ஒடுக்க அழைத்துச் செல்லப்பட்டது. ஆயுதம் கொடுக்காத அண்டைக் குழுக்கள் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போயின. மீண்டும் துப்பாக்கி தேடி அலைந்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கிய ஆயுதத்தை என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கிடங்கில் பூட்டி வைத்தால் அது இன்னொரு மொரோட்டோவுக்காகக் காத்திருக்கும். மாலி அரசும் பாலைவனத்தில் வாழும் துவாரெக் இனக் கிளர்ச்சியாளர்களும் 1996 மார்ச் 27 அன்று திம்புக்டு நகரில் ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகளைக் குவித்து, அனைவர் கண்முன்னும் தீயிட்டு அழித்தார்கள். கருகிய எச்சங்களைக் கான்கிரீட்டுக்குள் புதைத்து அங்கேயே நினைவுச்சின்னமும் எழுப்பினார்கள். செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து, பாலைவனத்துக்கு அப்பால் லிபியாவில் கடாஃபியின் ஆட்சி கவிழ்ந்து கிடங்குகள் திறந்துகொண்டன. அங்கே படைப்பணி செய்துவந்த துவாரெக் வீரர்கள் ஆயுதங்களுடன் மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஏப்ரல் 1 அன்று திம்புக்டு அவர்கள் கைக்குப் போனது.