டிசம்பர் கிரேஸிங் போர்ட்: புதுசா போடுறாக்கள் விடுற பிழைகள்

டிசம்பர் வந்தா கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் ஆளுக்கொரு கிரேஸிங் போர்ட் (சீஸ், பழம், கொறிக்கிற சாமான் எல்லாத்தையும் ஒரு பெரிய பலகையில அடுக்கி விருந்துக்கு வைக்கிறது) ஓடர் எடுக்கத் தொடங்கீடுவினம். புதுசாத் தொடங்கின ஆக்களின்ர போட்டோக்களைப் பார்த்தா, ஆரம்பத்தில நான் விட்ட அதே பிழைகள். பலகையைக் கழுவோணும், கத்தி கூரா இருக்கோணும் எண்டதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டு வின்டரைக் கொப்பி அடிக்கிறது

கொழும்பில வின்டர் எங்க இருக்கு, பகல்ல 30 டிகிரி. இன்டர்நெட்டில பார்த்த படத்துக்காக பிறீ சீஸும் அத்திப்பழமும் தேடி சூப்பர்மார்க்கெட் சூப்பர்மார்க்கெட்டா அலைஞ்சு காசைக் கொட்டத் தேவையில்லை, எங்கட டிசம்பர் சாமானே போதும். பறங்கியர் வீட்டு கிறிஸ்மஸ் காலைச் சாப்பாடே ப்ரூடர் எண்ட ஈஸ்ட் போட்ட கேக்கும் எடம் சீஸும்தான், அதோட லவ் கேக், கஜு, பயத்தம் பணியாரம், பனங்கட்டி, சட்டித் தயிர், கித்துள் பாணி. எடம் கொஞ்சம் வேர்க்கும், ஆனா பிறீ மாதிரி ஒழுகாது.

கறுத்தக்கொழும்பான்

இந்த மாம்பழத்தை டிசம்பரில தேடாதேங்கோ. மே, ஜூன் வரட்டும்.

வேளைக்கே அடுக்கி வைக்கிறது

இதுதான் எனக்கு இப்பவும் விசர் ஏத்துறது. பின்னேரம் வெளிச்சம் நல்லா இருக்கு, போட்டோ எடுப்பம் எண்டு 4 மணிக்கே எல்லாத்தையும் அடுக்கீடுறது. கார்டில 7.30 எண்டு அடிச்சிருந்தா கொழும்பில சனம் வந்து சேர 9 மணியாகும், இது தெரியாதே? ஒரு பிள்ளை பிறந்தநாள் பார்ட்டி ஒண்டுக்கு அப்பிடித்தான் போட்டவ, போட்டோவில பார்த்தா, சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவு. வெட்டின அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் முதலே தூவி, பக்கத்திலயே வறுத்த கஜு, முறுக்கு, தட்டைவடை. உப்புப் பட்டா பழம் தண்ணி விடும்தானே, அந்தத் தண்ணி பலகை வழிய ஓடி கஜுவுக்குக் கீழ போய் நிண்டிட்டுது, தண்ணி படாத முறுக்குக் கூட கடற்கரைக் காத்தின்ர ஈரத்தை இழுத்து றப்பர் மாதிரி. கஜு விக்கிற விலைக்கு அதைக் குப்பையில கொட்டேக்க எனக்கு வயிறு எரிஞ்சுது, என்ர காசு இல்லாட்டியும்.

வயித்துக்கும் கூடாது. வெட்டின பழம், தயிர், சீஸ், ரோல்ஸ் எல்லாம் 2 மணித்தியாலத்துக்கு மேல வெளியில இருக்கக்கூடாது, 32 டிகிரி தாண்டின இடமெண்டா 1 மணித்தியாலம்தான், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில கிருமி மளமளவெண்டு பெருகும்.

இடம் பார்க்கிறதுக்கு வெறும் கோப்பைகளை மட்டும் பலகையில வச்சுப் பாருங்கோ. ஈரச் சாமான் ப்ரிட்ஜில, காய்ஞ்சது ரின்னில இறுக்க மூடி. முதல் ஆள் லிப்டில ஏறேக்க பழம், எல்லாத்துக்கும் கடைசியா முறுக்கும் கஜுவும், அதுவும் பாதியைப் போட்டிட்டு முடிய முடிய நிரப்புங்கோ. உப்பு மிளகாய்த்தூள் தனிக் கிண்ணத்தில இருக்கட்டும், வேண்டினவை தொட்டுச் சாப்பிடுவினம். போட்டோவை அப்ப எடுங்கோ, லைட் மஞ்சளா இருந்தா இருக்கட்டும்.

அன்னாசிக்குப் பக்கத்தில தயிர்

அவிக்காத அன்னாசியில இருக்கிற புரொமலைன் எண்ட நொதியம் பாலின்ர புரதத்தை உடைக்கும், சாறு பட்ட தயிர் கொஞ்ச நேரத்தில கைக்கும். தள்ளி வையுங்கோ.

பனங்கிழங்கு

டிசம்பரில வேண்டாம், அது தைப்பொங்கல் போர்ட்டுக்கு.

சைவமும் மச்சமும்

டிசம்பர் கடைசிப் பக்கம் திருவெம்பாவை விரத நாள் வரும், கன வீடுகளில அந்த 10 நாளும் மச்சம் இல்லை. மீன் ரோல்ஸுக்குப் பக்கத்தில உழுந்துவடையை வச்சா அன்ரிமார் முழுப் போர்ட்டையுமே தொடமாட்டினம், வேற பலகை எடுங்கோ. கேக்கில முட்டை இருக்கெண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. சீனிச்சம்பலை சைவம் எண்டு நினைச்சு வைக்கிற ஆக்களும் இருக்கினம், கனக்க போத்தலில மாசிக் கருவாடு இருக்கும், வாங்க முதல் லேபலைத் திருப்பி வாசியுங்கோ.