ஹால் டிவியில் மட்டும் படம் நின்று நின்று வருகிறதா?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அடுக்குமாடி வீட்டில் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதையே வீட்டு சர்வராக்கி, கல்யாண வீடியோ முதல் பழைய படங்கள் வரை வீடு முழுக்கப் பார்க்கலாம். சந்தா கிடையாது.

கைப்பேசியில் சரியாக ஓடும் படம் ஹால் டிவியில் திணறினால், உடனே வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். படம் ஓடும்போதே ஜெல்லிஃபின் சர்வரின் டாஷ்போர்டை, அதாவது அதன் நிர்வாகப் பக்கத்தைப் பாருங்கள். ‘டிரான்ஸ்கோடிங்’ என்று காட்டினால், டிவிக்குப் புரியாத ஃபைலை லேப்டாப் அப்போதைக்கப்போது மாற்றிக் கொடுக்கிறது என்று அர்த்தம். பழைய பிராசஸர் அதைத் தாங்காது.

எச்.265 என்ற வீடியோ வடிவத்தில் உள்ள ஃபைலைப் பல பழைய டிவிகளால் ஓட்ட முடியாது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அதைப் பழைய வடிவமான எச்.264 ஆக மாற்றி வைத்துவிடுங்கள், அதுவும் இலவசம்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது சப்டைட்டில். புளூ-ரேயிலிருந்து எடுத்த ஃபைல்களில் எழுத்துகூடப் படமாகத்தான் இருக்கும். அதைக் காட்டத் தெரியாத டிவி என்றால், சர்வரே ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுத்தைப் பதித்து அனுப்ப வேண்டும். பாட்டிக்குத் தமிழ், பிள்ளைகளுக்கு மலாய் என்று எது வேண்டுமானாலும் எஸ்ஆர்டி ஃபைலாக (வெறும் எழுத்தாக இருக்கும் சப்டைட்டில் ஃபைல்), படத்தின் பெயரிலேயே, அதே ஃபோல்டரில் வையுங்கள். சப்டைட்டில்தான் காரணம் என்றால், இது ஒன்றிலேயே திணறல் நின்றுவிடும்.

அப்புறம், நம் கோலாலம்பூர் சாயங்கால இடி மின்னல். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட வைக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி டிஸ்க்கையும் ரூட்டரையும் அதில் செருகுங்கள். கல்யாண வீடியோவுக்கு மட்டுமாவது இன்னொரு டிஸ்க்கில் கட்டாயம் ஒரு பிரதி வையுங்கள்.