வெண்டை விதைக்கும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

வெண்டை அதிகம் படுத்தாத செடி. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு, குளிர் ஆகாது. பருத்தியும் செம்பருத்தியும் இதன் பங்காளிகள். அவற்றைப் போலவே இதற்கும் வெயில் வேண்டும். எந்த மாதம் விதைக்கலாம் என்று கேட்டால் என்னால் ஊருக்கு ஊர் சொல்ல முடியாது. மண் சொல்லும்.

படி 1: மண் சூடாகிவிட்டதா?

காலை நேரத்தில் ஒரு தெர்மாமீட்டரை 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டினால் விதைப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். 25 முதல் 35 வரை இருந்தால் அருமையான பதம். நான் முதல்முறை பகல் வெயிலை மட்டும் நம்பி 20 விதை போட்டேன். ராத்திரிக் குளிரில் மண் சூடு ஏறவே இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கிளறினால் விரலில் கூழாக ஒட்டியது. முளைத்தவை இரண்டே இரண்டு.

வருஷம் முழுக்கச் சூடாக இருக்கும் இடத்தில் இந்தக் கவலை இல்லை. அங்கே அடைமழைதான் எதிரி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுவிடுங்கள்.

வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் வறண்ட பகுதியில் செடி தாக்குப்பிடிக்கும், பூதான் உதிரும். காய்ந்த இலையோ வைக்கோலோ கனமாக மூடாக்குப் போட்டு, அதிகாலையில் தண்ணீர் விடுங்கள்.

உறைபனி விழும் நாடுகளில் கொஞ்சம் தந்திரம் தேவை. கடைசிப் பனிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வீட்டுக்குள் காகிதக் கப்பில் விதையுங்கள். வெண்டைக்கு ஆணிவேர், அதைக் கலைத்தால் செடி சுணங்கிவிடும். அதனால் நடும்போது கப்பின் அடியைக் கிழித்துவிட்டு, கப்போடு சேர்த்தே குழியில் இறக்குங்கள். நட இருக்கும் இடத்தை முன்கூட்டியே கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து மூடிவைத்தால் மண் சீக்கிரம் சூடாகும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் செடி வளராமல் அப்படியே நிற்கும். அப்போது ஒரு துணியால் மூடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள்.

படி 2: விதைப்பு

விதையின் தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். அந்த முனை கீழே இருக்குமாறு, 2 செ.மீ. ஆழத்தில், குழிக்கு இரண்டு விதை. பழைய விதை வேண்டாம், வெண்டையின் முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். இரண்டுமே முளைத்தால் நோஞ்சானைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிப்போகும். செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. இடைவெளி. தொட்டி என்றால் ஓர் அடிக்குக் குறையாத ஆழம், ஒரு தொட்டிக்கு ஒரு செடி போதும். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் படவேண்டும்.

படி 3: உரமும் தண்ணீரும்

அடியில் நன்கு மக்கிய தொழு உரம், அப்புறம் மாதம் ஒரு கை மண்புழு உரம். தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிக் கொட்டினால் இலை மட்டும் முறம்போல விரியும், காய் இருக்காது. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும்.

படி 4: இலையின் அடிப்பக்கம்

வாரம் இரண்டு முறை இலையைத் திருப்பிப் பாருங்கள். செடியை லேசாக ஆட்டினால் வெள்ளையாகப் பறப்பது வெள்ளை ஈ. அது சாறு உறிஞ்சுவதோடு மஞ்சள் நரம்புத் தேமல் நோயையும் கொண்டுவரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்ட செடிக்கு வைத்தியம் கிடையாது. தயங்காமல் பிடுங்கி அகற்றுங்கள்.

படி 5: பறிப்பு

விதைத்த 40 முதல் 50 நாளில் பூ வரும். இளமஞ்சள் நிறம், நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கிவிடும் அந்தப் பூவிலிருந்து நான்கு முதல் ஆறு நாளில் காய் தயார். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டால் நார் ஏறிவிடும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றிய காய் செடியிலேயே தொங்கினால் புதுப் பூ குறையும். சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வீரிய ஒட்டு ரகமாக (ஹைப்ரிட்) இல்லாவிட்டால், நோயில்லாத ஒரு செடியில் இரண்டு மூன்று காயை மட்டும் விதைக்காக விட்டுவிடுங்கள். பழுப்பாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும்போது பறித்து, உதிர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பா மேல் வருஷத்தை எழுத மறக்க வேண்டாம்.