புதினா டீ: மணம் எங்கே போகிறது?

போன வாரம் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். "உட்காருங்கக்கா, புதினா டீ போடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் வாசல் வரைக்கும் மணம் வந்துவிட்டது. அப்போதே தெரிந்துவிட்டது, என்ன நடக்கிறதென்று. டம்ளர் கைக்கு வந்தபோது டீ கலங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தது. நாக்கின் அடியில் கசப்பு. புதினா வாசனை மருந்துக்கும் இல்லை.

நானும் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் சின்னதாக ஒரு டீக்கடை நடத்தியிருக்கிறேன். அதில் முதல் இரண்டு வருடம் புதினா டீயைக் கெடுத்ததுதான் அதிகம். இலையைக் கழுவ வேண்டும், அழுகியதைப் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நன்றாகச் சமைப்பவர்கள்கூட விடாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டீத்தூளோடு புதினாவையும் கொதிக்க விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஏனென்றால் மற்ற தவறுகளில் டீயின் ருசிதான் கொஞ்சம் குறையும். இதில் போட்ட புதினா மொத்தமும் வீண்.

கடை தொடங்கி இரண்டாம் வருடம், ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு எண்பது பேருக்குப் புதினா டீ கேட்டார்கள். ஐந்து லிட்டர் பால், நாலு கட்டு புதினா. இலை நன்றாக வெந்தால்தான் சாறு இறங்கும் என்று நினைத்து, தண்ணீர் கொதிக்கும்போதே நாலு கட்டையும் போட்டுவிட்டேன். பாலையும் ஊற்றி, மாப்பிள்ளை வீட்டார் வரும் வரை அரை மணி நேரம் சிறு தீயில் வைத்திருந்தேன். மண்டபமே மணந்தது. "டீ பிரமாதமா இருக்கும்போல" என்று ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டம்ளரில் ஊற்றினால் கீரை வேகவைத்த தண்ணீரின் வாசனை! பாதிப் பேர் ஒரு வாய் குடித்துவிட்டு நாற்காலிக்கடியில் வைத்துவிட்டார்கள். பால் போனதுகூடப் பெரிதில்லை. அந்த வீட்டம்மா முகம் சுளிக்காமல் "பரவாயில்லைம்மா" என்றாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

புதினாவின் மணம் இலைக்குள் ஆழத்தில் இல்லை. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. விரலால் லேசாகத் தேய்த்தாலே மணக்கிறதே, அது இதனால்தான். அந்த எண்ணெய் ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடக் கூடியது. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் புதினா எண்ணெய் எடுப்பதே இந்த வழியில்தான். அது மெந்தால் எடுக்கிற வேறு வகைப் புதினா, ஆனால் முறை ஒன்றுதான்: இலையைத் தொட்டியில் அடைத்து நீராவி விடுவார்கள், எண்ணெய் ஆவியோடு வெளியே வரும், அதைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்வார்கள். திறந்த பாத்திரத்தில் புதினாவைக் கொதிக்க விடும்போது நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம். வெளியே வருகிற எண்ணெயைப் பிடித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் வீடெல்லாம் மணக்கிறது, டம்ளர் மணப்பதில்லை. வெந்த இலையின் பச்சை நிறமும் பழுப்பாகிவிடும். கசப்பு மட்டும் டீயில் மிஞ்சும்.

சரி, எப்படிப் போடுவது? இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் தண்ணீர், முக்கால் டம்ளர் பால், பத்துப் பன்னிரண்டு இலை. தண்ணீரில் தூளையும் சர்க்கரையையும் போட்டு இரண்டு நிமிடம் கொதித்ததும் பால் ஊற்றுங்கள். பொங்கி வரும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் புதினா. இலைகளை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டு தட்டி, இரண்டாகக் கிள்ளிப் போட்டு உடனே மூடிவிடுங்கள். மூன்று நிமிடம் திறக்கக் கூடாது. திறக்கும்போது மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். அதை முகர்ந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். அந்த நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிட்டு வடிகட்டுங்கள்.

தூளைக் குறைக்காமல் போடுவது

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டீத்தூள் பொடிசு, சீக்கிரம் சாறு இறங்கிவிடும். தினமும் போடும் அளவைப் போட்டால் துவர்ப்பு புதினாவை அமுக்கிவிடும். கால் பங்காவது குறையுங்கள். மொராக்கோ புதினா டீ வீடியோவைப் பார்த்துவிட்டுக் கைப்பிடி கைப்பிடியாக இலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாலில்லாமல் கிரீன் டீயில் போடுகிறார்கள். அந்த அளவு நம் பால் டீக்குச் சரிப்படாது. சட்னி கலந்த மாதிரி ஆகிவிடும்.

இஞ்சியைப் பாலுக்குப் பிறகு போடுவது

பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நல்ல சூட்டில் அதன் வேலை அடங்கிவிடும். அதனால் இஞ்சியைத் தட்டி முதலில் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள், அப்புறம் தூள், அப்புறம் பால். இஞ்சி போட்டால் ஏலக்காய் வேண்டாம். கிராம்பு, பட்டை எதுவுமே வேண்டாம். மசாலா டீ வேண்டுமென்றால் அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

எலுமிச்சை

பால் டீயில் பிழிந்தால் திரியும். கட்டன் சாயாவுக்கு மட்டும்.

மிக்ஸியில் அரைத்துச் சேர்ப்பது

வேண்டவே வேண்டாம்.

உயரத் தூக்கி ஆற்றுவது

சாதாரண டீயை எவ்வளவு வேண்டுமானாலும் ஆற்றலாம். புதினா டீயை அப்படி ஆற்றினால், மூடி வைத்துப் பிடித்த மணத்தை நாமே காற்றில் விடுகிறோம். நுரைக்காக ஒரே ஒரு தடவை, அதுவும் தாழ்வாக. மறுபடி சூடு பண்ணுவதும் கூடாது.

வெயிலில் காயவைத்த இலை

நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பச்சை இலையில் பாதி அளவு போதும்.

தண்டைக் குப்பையில் போடுவது

முற்றிய தண்டு டீக்கு ஆகாது. ஆனால் தூக்கிப் போடாதீர்கள். ஐந்தாறு தண்டுகளின் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். பத்து நாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் விடும். அப்படியே எடுத்துத் தொட்டியில் வைத்துவிடலாம். எங்கள் மாடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில்தான் வளர்கிறது. அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அதிலிருந்து நாலு தண்டு ஒடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வேர் விட்டுவிட்டதாம்.