ஓய்வு பெற்ற பேங்க்காரர்களே, ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்

நானும் ஓய்வு பெற்ற பேங்க்காரன்தான். குடியாத்தத்தில் ஏழைக் குடும்பங்களின் பாஸ்புக்கைப் பார்த்து, அவர்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்க உதவுகிறேன். என்னைப் போல பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் போனில் கேட்கிறார்கள்: "குடியாத்தத்துல நீங்க செய்யறதை எங்க ஊர்ல எப்படி ஆரம்பிக்கறது?" டிரஸ்ட் பதிவு செய்யட்டுமா, நன்கொடை திரட்டட்டுமா என்றுதான் பேச்சு தொடங்கும். இரண்டும் வேண்டாம். ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு நோட்டு போதும். கடன் வாங்கித் தருகிறேன் என்று மட்டும் போய் நிற்காதீர்கள். ஏழைக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணமே அங்கங்கே சிக்கிக் கிடக்கிறது. அதை மீட்டுக் கொடுப்பதுதான் முதல் வேலை. அதற்கு நம்மைவிடத் தோதான ஆள் கிடையாது.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். சாயங்காலமானால் கட்டு எண்ணிக் கொடுக்கப் போய்விடுவார்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. அதனால் ஞாயிறு காலையில் உட்காருகிறேன். கோயில் திண்ணையும் வேண்டாம், மசூதி வாசலும் வேண்டாம், உங்கள் வீடும் வேண்டாம். எல்லாரும் கூச்சப்படாமல் வந்து உட்காரும் பொது இடமாகப் பாருங்கள்.

வருகிறவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள், பாஸ்புக்கைக் கேளுங்கள். இன்றைய தேதி வரை பதிந்து வரச் சொல்லி, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நாமினி, அதாவது கணக்குக்காரர் இறந்தால் பணத்தை வாங்க வேண்டியவர், பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மே கடைசி, ஜூன் முதல் வரிகளை நிதானமாகப் பாருங்கள். 20 ரூபாய் போயிருந்தால் அது வங்கிக் கணக்கு வழியாக நடக்கும் மத்திய அரசின் விபத்துக் காப்பீடு. 436 ரூபாய் போயிருந்தால் அதே போன்ற ஆயுள் காப்பீடு. முதலாவதில் விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய், இரண்டாவதில் நோயால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். ஆயுள் காப்பீட்டில் 18 முதல் 50 வயது வரை சேரலாம், 55 வரை தொடரலாம். விபத்துக் காப்பீடு 70 வயது வரை.

இந்த வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மகளிர் உரிமைத் தொகை ஏறவில்லை என்று ஒரு அம்மா வந்தார். ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் இறந்துபோன கணவரின் பாஸ்புக்கும் இருந்தது. மூட்டை தூக்கும் வேலை பார்த்தவர். உடம்புக்கு முடியாமல் போய்ச் சேர்ந்தார். கடைசிப் பக்கத்தில் 436 ரூபாய் கழிந்திருந்தது. "இது என்னா பிடித்தம்னே தெரியல சார்" என்றார் அந்த அம்மா. கிளெய்ம் ஃபாரம், இறப்புச் சான்றிதழ், நாமினியான அவருடைய ஆதார், அவருடைய பாஸ்புக் நகல், எல்லாம் சேர்த்துக் கணவர் கணக்கு வைத்திருந்த கிளையிலேயே கொடுத்தோம். பணம் வந்தது. இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு அதில் நிற்கிறது. ஆகவே சாவு விழுந்த வீடுகளுக்கு நீங்களே தேடிப் போங்கள். காரியம் முடிந்ததும் போய், பழைய பாஸ்புக் இருக்கிறதா என்று பக்குவமாகக் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கடம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வரும். துணிமணி, விருந்தாளி என்று கையிலிருப்பதெல்லாம் கரைந்துவிடும். பிரீமியம் கழிப்பது அடுத்த இரண்டு வாரத்தில். கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு விட்டுப்போகும். சித்திரையிலேயே சொல்லத் தொடங்குங்கள்: "456 ரூபாயைத் தொடாதீங்கம்மா."

ஷூ கம்பெனியை விட்டு நின்ற பெண்களிடம் பி.எஃப். பற்றிக் கேளுங்கள். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, கம்பெனிப் பதிவில் வேறொன்று. இதனாலேயே பி.எஃப். பணத்தைக் கேட்காமல் விட்டுவிட்டவர்கள் பலர். பணத்தை எடுக்கும் முன் சர்வீஸைக் கூட்டிப் பாருங்கள். பல கம்பெனிகளில் செய்ததும் சேர்ந்து 10 வருஷம் வந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு.

கேஸ் மானியம் காணவில்லை என்றால் ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் இணைந்தது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். 2 வருஷம் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கைத் திறக்கக் கட்டணம் கிடையாது. 10 வருஷமாகக் கிடந்த பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருந்தாலும் உரியவர் கேட்டு வாங்கலாம்.

கடன் பேச்சு இதற்கெல்லாம் பிறகு. இருக்கிற கடன் முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தண்டல் கடன் என்றால் 10,000 ரூபாய் என்று சொல்லி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் வசூல். கட்டுகிறவர்கள் இதை "நூத்துக்குப் பதினஞ்சு" என்றுதான் நினைக்கிறார்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் வருகிறது. ஆனாலும் வசூல்காரரோடு நீங்கள் மல்லுக்கு நிற்காதீர்கள். நாளைக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கப்போவது அவர். மகளிர் குழுக் கடனில் தண்டலை அடைத்து, மறுபடி வாங்காமல் பார்த்துக்கொள்வதே வழி.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். யாருடைய பணத்தையும் கையால் தொடக் கூடாது. ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர், ஓ.டி.பி. எதையும் வாங்கக் கூடாது. பாஸ்புக்கை ஒரு ராத்திரி கூட வைத்துக்கொள்ளக் கூடாது. ஜாமீன் கையெழுத்து போடக் கூடாது. வங்கிக்கு முதல் தடவை கூடப் போங்கள். அடுத்த தடவை என்ன கேட்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்து அவர்களையே அனுப்புங்கள்.

கவுன்ட்டரில் "அப்புறம் வா" என்று விரட்டினால், புகாரை எழுதிக் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்கச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். செலவு கிடையாது. விவரம் கேட்க 14448. முத்திரை வைத்த அந்த நகல் இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.