யூதர் என்றாலே பணக்காரரா? நாம் செய்யும் தவறுகள்

யூதர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "உலகப் பணம் பூராவும் அவங்க கையில்தான்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். நூற்றாண்டுகளாக அவர்களை ஊர் ஊராக விரட்ட உதவிய பேச்சு அது, தெரியாமல்கூடச் சொல்லாதீர்கள். அமெரிக்க யூதர்களில் வசதியானவர்கள் அதிகம்தான். 2020-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு 2 லட்சம் டாலரும் அதற்கு மேலும் வருமானம் வரும் வீடுகளில் இருப்பவர்கள் 23 சதவீதம். சரி, அதே கணக்கில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மருத்துவம், வீடு, சாப்பாடு என ஏதோ ஒரு செலவுக்குத் திண்டாடியதாகச் சொன்னார்களே, அதை யாரும் பகிர்வதில்லை.

ஏழ்மையைப் பார்த்ததும் சோம்பல் என்று முடிவுகட்டுவதும் தவறு. நியூயார்க் மாநிலத்தின் கிரியாஸ் ஜோயல், மத வழக்கங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் சட்மார் ஹசிதிய யூதப் பிரிவினரின் ஊர். வருமானக் கணக்குப்படி அமெரிக்காவின் மிக ஏழை ஊர்களில் ஒன்று. சிறு வயதிலேயே கல்யாணம், வீடு நிறையப் பிள்ளைகள், ஆண்களுக்கு யூத மத நூல்களான தோராவும் தல்மூதுமே முதல் படிப்பு, இதெல்லாம் சேர்ந்தால் வருமானம் குறையத்தானே செய்யும்? வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் 'கெமாக்' நிதிகள் இந்த மாதிரி சமூகங்களைத் தாங்குகின்றன, அது வருமானக் கணக்கில் வராது.

பெரிய தவறு, எல்லா யூதரையும் ஒரே கூட்டமாக எண்ணுவது. நம் பக்கத்திலேயே பாருங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில், வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் 1568-இல் கட்டிய 'பரதேசி' ஜெப ஆலயத்தில், விடுதலையான அடிமைகளின் வழிவந்த யூதர்கள் ஒரு காலத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடியாது. அந்த வழியில் வந்த ஏ. பி. சேலம் என்பவர் வக்கீலாகி, காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்துதான் அந்தப் பாகுபாட்டை அசைத்தார்.

கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்கு ஓட்டி எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், செக்கு ஓடாது, அதனால் ஊரார் வைத்த பெயரே 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். அப்புறம் பாக்தாதிலிருந்து மும்பைக்கு வந்து வியாபாரத்தில் செழித்த யூதர்கள், வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களை இந்தியர்களோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்ற கவலையில் பெனே இஸ்ரேல் யூதர்களைத் தள்ளியே வைத்தார்கள். இடுகாட்டில்கூட நடுவே சுவர் கேட்டார்கள். பெனே இஸ்ரேல் யூதர்கள் இஸ்ரேலுக்குப் போன பிறகும் பாகுபாடு விடவில்லை. ஓய்வுநாளைக் காத்ததாலேயே பெயர் வாங்கிய ஜனங்களின் யூதத் தன்மையை, கல்யாணம் பதியப் போன இடத்தில் மத குருமார்கள் சந்தேகப்பட்டார்கள். 1964-இல் ஜெருசலேமில் போராட்டம் நடத்தித்தான் அதை மாற்ற முடிந்தது.