காலேஜில் சைபர் புகார் வந்தால் முதலில் என்ன செய்வது?

வியாசர்பாடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் சிஸ்டம் அட்மின் வேலை எனக்கு. ஃபீஸ் கட்டும் மாதம்தான் எங்களுக்குப் புகார் சீசன். "காலேஜ் பேர்ல வாட்ஸ்ஆப் வந்துச்சு சார், க்யூஆர் ஸ்கேன் பண்ணி கட்டிட்டேன்" என்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அப்பா வந்து நிற்பார். ஏன் கட்டினீர்கள் என்று அவரைக் கேட்காதீர்கள். அவர் போனிலிருந்தே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, கட்டிய நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. லெட்டர்பேடெல்லாம் அப்புறம்.

நம் சிஸ்டத்திலேயே யாரோ புகுந்துவிட்டார்கள் என்றால் கதை வேறு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவில், அவர்களுக்குத் தகவல் அனுப்ப 6 மணி நேரம்தான் கெடு, அதுவும் விஷயம் நம் கவனத்துக்கு வந்ததிலிருந்து. அந்த நேரம் பிரின்சிபால் ரூம் வாசலிலேயே கழிந்துவிடும். அதனால் அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் அனுப்பலாம் என்று இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம்; தெரிந்ததை அனுப்பிவிட்டு மீதியைப் பின்னால் சேர்க்கலாம்.

புகாரை எழுத எனக்கு பைண்டு போட்ட நோட்டுதான் பிடிக்கும். மெயிலுக்குள் எவனாவது உட்கார்ந்திருந்தால் நாம் அதில் பேசுவதை அவனும் படிப்பானே! யார் சொன்னது, எத்தனை மணிக்கு, எந்த மெஷின், கண்ணால் பார்த்தது என்ன, இவ்வளவு போதும். "வைரஸ்" என்று நாமாக எழுதக் கூடாது. "ஃபைல் பேரெல்லாம் மாறிடுச்சு" என்று புகார் சொல்ல வந்த பெண் சொன்னால் அதே வார்த்தை நோட்டில் ஏறட்டும்.

அடுத்து மெஷின். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள், பவரைத் தொடாதீர்கள். அணைத்தால் ரேமில் உள்ள தடயம் போய்விடும். லேப் அசிஸ்டெண்டுக்குக் கை ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும், ஃபார்மேட் அடிக்கவும் துடிப்பார். திரையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள். மழைக்காலம் என்றால் யூபிஎஸ்ஸையும் பாருங்கள், எங்கள் ஏரியா கரண்டை நம்ப முடியாது.

லாக், அதாவது சிஸ்டம் தானே எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவு, 180 நாள் இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. ஃபயர்வால் டிஸ்க் நிறைந்தால் பழையதைத் தானே அழித்துக்கொள்ளும், அதனால் வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். சர்வர் ஒரு மணி, சிசிடிவி ஒரு மணி காட்டினால் எந்த நகலும் உதவாது. எல்லாக் கடிகாரத்தையும் நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒன்றாக வைக்கும் என்டிபியில் கட்டுங்கள்.

"ரோல் நம்பரை மாத்துனா அடுத்தவன் மார்க் தெரியுது சார்" என்று ஒரு பையன் வந்து சொல்வான். அவனிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கும் துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த பையன் உங்களிடம் வர மாட்டான், டெலிகிராம் குரூப்பில் போடுவான். அன்றைக்கே அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, நோட்டில் உள்ள வரிசை எண்ணை அவனுக்குக் கொடுங்கள். ஓட்டையை அடைத்த பிறகு அவனையே கூப்பிட்டு இன்னொரு ரோல் நம்பர் போட்டுப் பார்க்கச் சொல்லி, அதற்கப்புறம் அந்தப் பதிவை முடியுங்கள்.